சந்திரமதியும் கோலி மெசினும்

மலாக்காவின் காஜா பெராங்கில் புதிதாகக் குடிவந்தவர்கள் யாராக இருந்தாலும் சந்திரமதி அவர்களைச் சும்மா விடுவதில்லை. பசியாறிவிட்டீர்களா என்று முதலில் கேட்பாள். அடுத்த கேள்வி, முதலாளி ஃபூ தவுக்கேயின் கோப்பிக்கடையில் கோலி மெசின் விளையாடிப் பார்த்தீர்களா என்பதுதான். இல்லை என்று சொன்னவர்களுக்கு, இருமலுக்கு மருந்து சொல்வதைப் போல விவரமாகச் சொல்லி அனுப்புவாள். வெயில் சாய்ந்த பிறகு போங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் கண் கூசும். முதல் குண்டை ஆத்திரப்பட்டு இழுத்துவிடாதீர்கள். தோற்றால் மெசினை உதைக்காதீர்கள், அது கோபித்துக்கொள்ளும். போய் வந்தவர்களில் சிலர் இதற்கா இவ்வளவு பேச்சு என்று முணுமுணுத்தார்கள். மற்றவர்கள் முணுமுணுக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் இன்னும் திரும்பி வரவில்லை.

அவள் பிறந்தது அலோர் காஜா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பதின்மூன்று வயதிலிருந்து பால்மரம் வெட்டினாள். மாணிக்கவாசகத்தைக் கட்டிக்கொண்டு மலாக்கா டவுனுக்கு வந்த பிறகும் ரப்பர் அவளை விடவில்லை. ஆற்றோரத்துக் கிடங்கு ஒன்றில் ரப்பர் ஷீட்டுகளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, அழுக்குப் படிந்த இடத்தைக் கத்தரியால் வெட்டி எடுக்கும் வேலை. காலையிலிருந்து நின்றபடியே செய்ய வேண்டும். ஒரு ஷீட்டுக்கும் இன்னொரு ஷீட்டுக்கும் வித்தியாசம் கிடையாது.

மாணிக்கவாசகம் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் மெக்கானிக். நல்ல மனிதர், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. ஆனால் பேச மாட்டார். கலியாணம் ஆகிப் பல வருடங்கள் ஓடியும் பிள்ளை இல்லாத அந்த வீட்டில், சாப்பாடு போடவா என்று அவள் கேட்பதும் ம் என்று அவர் சொல்வதும்தான் அநேகமாக ஒருநாள் பேச்சு. சண்டை போட்டாலாவது நாலு வார்த்தை வரும் என்று அவள் சில நாள் வேண்டுமென்றே குழம்பில் புளியைக் கூட்டிப் பார்த்ததுண்டு. அதையும் அவர் பேசாமல் சாப்பிட்டு எழுந்து போனார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைக்கப்போகிற தேதியை மலாக்காத் திடலில் வைத்து அறிவித்த வருஷம் அது. அந்த வருஷம் மத்தியில் மாணிக்கவாசகம் வீட்டுக்குத் தாமதமாக வர ஆரம்பித்தார். முதலில் ஓவர்டைம் என்று நினைத்தாள். பிறகு கள்ளுக்கடையோ என்று சந்தேகப்பட்டு, அவர் கழற்றிப்போட்ட சட்டையை மோந்து பார்த்தாள். கிரீஸ் நாற்றம்தான் வந்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் சாலைக்கு இறங்கி, ஒவ்வொரு கடையாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஃபூவின் கோப்பிக்கடையில் அவருடைய முதுகு தெரிந்தது.

ஃபூ ஹைனான் தீவுச் சீனர். சிங்கப்பூரில் மூடிவிட்ட ஒரு பொழுதுபோக்குப் பூங்காவிலிருந்து அந்த மெசினை லாரியில் ஏற்றி வந்து, கடையின் பின்பக்கச் சுவரோரமாக நிறுத்தியிருந்தார். நான்கு கால்களில் சரிவாக நிற்கும் நீளப் பெட்டி, மேலே கண்ணாடி. வலது மூலையில் சுருள்கம்பி வைத்த ஒரு பிடி. அதை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு ஒன்று ஓரமாக ஓடி உச்சிக்குப் போய், அங்கிருந்து உருண்டு இறங்கும். வழியெல்லாம் காளான் போல ஐந்து குமிழ்கள். ஒரு குமிழைத் தொட்டால் மணி அடித்து விளக்கு எரியும், குண்டைத் தூக்கி எறியும். அடியில் இரண்டு சின்னத் துடுப்புகள். பெட்டியின் இரு பக்கத்திலும் இருக்கும் பொத்தான்களை அழுத்தினால் துடுப்புகள் மேலே தட்டும். தட்டத் தவறினால் குண்டு நடுவில் இருக்கும் பள்ளத்தில் விழுந்து மறைந்துவிடும். பெட்டிக்கு மேலே நிற்கும் கண்ணாடிப் பலகையில் ஒரு சர்க்கஸ் படம். குட்டைப் பாவாடை கட்டிய வெள்ளைக்காரி ஒருத்தி ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்க, கீழே ஒரு யானை தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஐந்து குமிழ்களையும் ஒரே குண்டில் தொட்டுவிட்டால் யானையின் கண்கள் எரியும் என்று விற்றவன் சொல்லியிருந்தானாம். எரிந்து யாரும் பார்த்ததில்லை. காஜா பெராங், அதாவது கோபங்கொண்ட யானை என்று மலாயில் பேர் வைத்த ஊருக்கு இந்த யானை பொருத்தம்தான் என்று ஃபூ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சந்திரமதி போய் நின்றதை மாணிக்கவாசகம் கவனிக்கவில்லை. அவள் கண்டதெல்லாம் அவருடைய முகம்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தி, குண்டு போகிற பக்கமெல்லாம் தோளைச் சாய்த்து, தனக்குள் என்னவோ பேசிக்கொண்டிருந்தார். இந்த மனிதனுக்கு இப்படி ஒரு முகம் இருக்கிறதா என்று அவளுக்கு வியப்பாகிவிட்டது. கேட்க வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. குண்டு விழுந்த பிறகுதான் அவர் திரும்பினார். அவளைக் கண்டதும் திருட்டுத்தனம் பண்ணியவர் போல விழித்தார். கடையிலிருந்த நாலைந்து பேரும், இப்போது என்ன நடக்கப்போகிறதோ என்று கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

"ஒரு குண்டு பாக்கி இருக்கு," என்றார் மாணிக்கவாசகம். "நீ இழுக்கிறியா?"

வெட்கத்தோடு இழுத்தாள். குண்டு நேராகப் போய்ப் பள்ளத்தில் விழுந்தது. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளைச் சுட்டது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, இன்னொரு தடவை காசு போடுங்கள் என்றாள். அந்தத் தடவை ஒரு குமிழைத் தொட்டது. மணி அடித்தது. அதற்கடுத்த குண்டைத் துடுப்பால் தட்டி மேலே அனுப்பினாள். இருவரும் வீட்டுக்குத் திரும்பியபோது, காலையில் வடித்து வைத்திருந்த சோற்றைப் பக்கத்து வீட்டுப் பூனை பாதி தின்றிருந்தது.

அதன் பிறகு இருவருமே போனார்கள். ஒருவர் ஆட ஒருவர் பார்ப்பார்கள். அவருக்கு வராத ஒன்று அவளுக்குக் கை வந்தது. குண்டைத் துடுப்பின் மேலேயே ஒரு கணம் நிறுத்தி வைத்து, எந்தக் குமிழுக்குப் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்துத் தட்டுவாள். பகலெல்லாம் நின்றதில் இடுப்பில் ஏறும் வலி அங்கே நிற்கும்போது தெரியாது. ஷீட்டு வெட்டும் மேசையில் யாராவது எதையாவது தொப்பென்று போட்டால் அவளுடைய இரண்டு கைகளும் மேசையின் ஓரத்தைத் தானாக அழுத்தும். கூட வேலை செய்த விஜயா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அடுத்த வாரம் விஜயாவும் சிரிப்பதை விட்டுவிட்டு மேசையை அழுத்த ஆரம்பித்திருந்தாள். அவளைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனது சந்திரமதிதான்.

வீட்டுக்காரியைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அவர்கள் குடியிருந்தது சிவகாமசுந்தரியின் வீட்டுப் பின்கட்டில். மலாக்காச் செட்டிக் குடும்பம். பெயரும் சாமியும் பூசையும் தமிழாக இருந்தாலும், வாயைத் திறந்தால் மலாய்தான். சாரோங்கும் கெபாயா மேல்சட்டையும் உடுத்தி, கொண்டையில் ஊசி குத்தி, மணி கோத்த செருப்புப் போட்டுக்கொண்டு வளைய வரும் அந்த அம்மாளைக் கம்பத்துக் குடியிருப்பில் எல்லோரும் பீபிக், அதாவது பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கோப்பிக்கடையில் ஆண்களுக்கு நடுவில் நின்று ஒரு பொம்பளை பெட்டியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்ற சேதி எட்டியதும், ஒரு சனிக்கிழமை பீபிக் கடைக்கே வந்துவிட்டார். நல்ல குடும்பம் என்று நம்பி வீடு கொடுத்தேன் என்று மலாயில் ஆரம்பித்து, மூச்சு வாங்கும்வரை ஏசினார்.

சந்திரமதி தன் இடத்தைவிட்டு நகர்ந்து நின்றாள்.

"ஒரே ஒரு குண்டு இழுங்க, பீபிக்," என்றாள் மலாயில். "அப்புறமா மிச்சத்தை ஏசுங்க."

பீபிக் செர்க்கிச் சீட்டில் கெட்டிக்காரி. விளையாட்டு என்று ஒன்று கண்முன்னால் இருக்கும்போது தொடாமல் போக அவராலும் முடியவில்லை. இடுப்புச் சாவிக்கொத்து குலுங்க இழுத்தார். குண்டு இரண்டு குமிழ்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு மாறி மாறி மணி அடித்தது. பீபிக்கின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. மிச்ச ஏச்சு வரவே இல்லை. அடுத்த சனிக்கிழமை அவருடைய செர்க்கித் தோழிகளும் சேர்ந்து வந்தார்கள்.

இத்தனை பெண்களைக் கடையில் கண்டு ஃபூவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் சனிக்கிழமைப் பிற்பகல் மெசின் பெண்களுக்கு மட்டும் என்று ஏற்பாடாயிற்று. பீபிக் ஒரு நிபந்தனை போட்டார். அந்த ஊஞ்சல்காரி இப்படி அரைகுறையாகத் தொங்கினால் குடும்பப் பெண்கள் எப்படி நிமிர்ந்து பார்ப்பது? ஃபூ, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் தம் நண்பரைக் கூட்டி வந்து, கண்ணாடிமேல் அவளுக்குப் பச்சைக் கெபாயாவும் பூப்போட்ட சாரோங்கும் வரைய வைத்தார். தலைகீழாகத் தொங்கியும் சாரோங் சரியாமல் கணுக்கால்வரை ஒழுங்காக நின்றது. அதைப் பார்ப்பதற்காகவே புக்கிட் பாருவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

மெசினை அளவுக்கு மீறி உலுக்கினால் எல்லா விளக்கும் அணைந்து குண்டு செத்துவிடும். மெராஜுக் என்பார் ஃபூ, பிணங்கிக்கொண்டது என்று அர்த்தம். மாணிக்கவாசகம் அதன் பிணக்கத்தைக்கூடப் படித்து வைத்திருந்தார். உள்ளே கம்பி அறுந்தாலோ பொத்தான் ஒட்டிக்கொண்டாலோ அவர்தான் பட்டறைச் சாமான்களைக் கொண்டுவந்து சரிசெய்வார்.

இப்படியே அந்த வருஷம் ஓடியிருக்கும். ஆனால் ஒரு சனிக்கிழமை வேறு மாதிரி அமைந்துவிட்டது.

அன்று சந்திரமதிக்குக் கை நன்றாக வந்தது. ஒரே குண்டில் மூன்று குமிழ்களைத் தொட்டாள், பிறகு நான்காவதையும் தொட்டாள். பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சூழ்ந்து நின்றார்கள். அப்போது பட்டறையில் மாணிக்கவாசகத்தோடு வேலை செய்யும் அப்பாசாமி கடைக்குள் ஓடி வந்தான். அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டான். அண்ணனுக்கு அடிபட்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றான். அவள் காதில் சத்தம் விழுந்தது, சேதி விழவில்லை. "இருப்பா, இந்தக் குண்டு முடியட்டும்," என்று திரும்பாமலே சொன்னாள். அவன் மறுபடியும் சொன்னான். குண்டு இடது துடுப்புக்கு வந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாசாமி கிரீஸ் படிந்த தன் கையை விரித்துக் கண்ணாடியின் மேல் வைத்து மறைத்தான்.

அப்போதுதான் நிமிர்ந்தாள். அவனுடைய சட்டையில் ரத்தம் இருந்தது.

பஸ்ஸுக்கு அடியில் வேலை பார்க்கும்போது ஜாக்கி நழுவி, மாணிக்கவாசகத்தின் வலது கை நசுங்கிவிட்டிருந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சந்திரமதி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் மயக்கம் தெளிந்து கட்டிலில் கிடந்தார். தலையணையளவு கட்டுப் போட்ட கையை வயிற்றின்மேல் வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்தது. என்ன பேசுவது என்று தெரியாத மனிதர், தெரிந்ததைக் கேட்டார்.

"இன்னைக்கு எத்தன குமிழு?"

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கைக்காக அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டு, வலியில்லை, வலியில்லை என்று சொன்னார்.

அதன் பிறகு அவள் ஃபூ கடைப் பக்கம் போகவில்லை. வேலைக்குப் போனாலும் வந்தாலும் சாலையின் எதிர்ப்பக்கமாக நடந்தாள். மணிச்சத்தம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். விஜயா கூப்பிட்டும் வரவில்லை. பீபிக் வாசலில் வந்து நின்று, நீ இல்லாமல் சனிக்கிழமை சப்பென்று இருக்கிறது என்றார். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அப்பாசாமி வந்து நின்ற அந்தச் சில நிமிஷங்களைப் பற்றி அவள் கணவரிடம் வாய் திறக்கவே இல்லை. சோறு பிசைந்து ஊட்டினாள், சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள், தலை வாரிவிட்டாள். ஒவ்வொரு வேலையிலும் அந்தச் சொல்லாத பேச்சு கூடவே இருந்தது.

கட்டுப் பிரித்த பிறகும் வலது கையின் மிச்ச விரல்கள் மடங்காததால், கம்பெனியில் அவருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். பஸ்கள் போகிற வருகிற நேரத்தைக் குறித்துக்கொள்ளும் உட்கார்ந்த வேலை. பட்டறைச் சத்தத்துக்குப் பழகியவருக்கு அது சலிப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாடு போடவா என்பாள். அவர் ம் என்பார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, அல்லது பழையதைவிட மோசமாகிவிட்டது.

ஒரு மாலை அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போலாம்," என்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. நீங்கள் வேண்டுமானால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் வரவில்லை என்றாள். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒரு கைதான இருக்கு. ஒரு பக்கம் யாரு தட்டுறது?"

ஃபூ அவர்களைக் கண்டதும் கோப்பி கலக்குவதை நிறுத்திவிட்டு ஓடிவந்து மெசின்மேல் போட்டிருந்த துணியை எடுத்தார். மாணிக்கவாசகம் இடது பக்கம் நின்றார், சந்திரமதி வலது பக்கம். இடது துடுப்பு அவருடையது, வலது துடுப்பு அவளுடையது. பிடியை அவள் இழுத்தாள்.

முதல் வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. குண்டு நடுவில் வரும்போது, அவள் தட்டுவாள் என்று அவரும் அவர் தட்டுவார் என்று அவளும் விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒன்றாகத் தட்டி நடுவில் வழிவிடுவார்கள். உன்னுடையது, என்னுடையது என்று கடையில் எல்லோர் முன்னாலும் சண்டை போட்டார்கள். சண்டை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தொடர்ந்தது. சாப்பிடும்போதும் தட்டு, டம்ளர், உப்புச் சாடி எல்லாவற்றையும் நகர்த்தி வைத்து, குண்டு இப்படித்தான் வந்தது என்று இருவரும் நிரூபித்தார்கள். கலியாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் அவ்வளவு சத்தம் கேட்டதில்லை. பீபிக் முன்கட்டிலிருந்து என்னவோ ஏதோ என்று வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உப்புச் சாடி இருந்த இடம் தவறு என்று ஒரு திருத்தம் சொல்லிவிட்டுப் போனார்.

கை பழகப் பழக வேறொன்று நடந்தது. குண்டு மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போது மாணிக்கவாசகத்துக்குப் பேச்சு வந்தது. கண் குண்டின்மேல் இருக்கும், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, அதனால் வந்ததோ என்னவோ. சாம்பாரில் உப்பு எப்போதும் ஒரு கல் கூடத்தான் என்று ஒருநாள் சொன்னார். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்பதற்குள் குண்டு வந்துவிட்டது. இன்னொரு நாள், சின்ன வயதில் தோட்டத்தில் தப்பு அடித்துப் பாடுவேன் என்றார். இப்போது கிடைத்திருக்கும் வேலை பிடிக்கவில்லை என்றார். பிள்ளை இல்லாதது பற்றி யாராவது உன்னிடம் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். அவளும் குண்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

அப்படி ஒரு மாலைதான் அவளும் சொன்னாள். குண்டு உச்சியில் மூன்று குமிழ்களுக்கு நடுவே மணி அடித்துக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு அப்பாசாமி வந்து கூப்பிட்டப்ப நான் திரும்பலைங்க. இங்கதான் நின்னேன். குண்டு முடியட்டும்னு சொன்னேன்."

"தெரியும். அவன் அன்னைக்கே சொல்லிட்டான்," என்றார் மாணிக்கவாசகம். "ஒம் பக்கம் வருது, பாரு."

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றபோதும் அவள் தட்டினாள். குண்டு மேலே போயிற்று. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்தார்கள். பீபிக் வீட்டு வாசல் வந்ததும் அவர் நின்றார். நாலு குமிழ் தொட்ட குண்டை விட்டுவிட்டு நானாக இருந்தாலும் திரும்பியிருக்க மாட்டேன் என்றார். அதைச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். சந்திரமதி வாசலில் நின்று முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டு பின்னால் போனாள். அன்று சாம்பாரில் உப்புப் போடவே மறந்துவிட்டாள். அவர் அதையும் சொன்னார்.

அடுத்த வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் மெர்டேக்கா, சுதந்திர நாள், வந்தது. டவுன் முழுக்கக் கொடி, தோரணம், கலர் விளக்கு. ஃபூ கடையில் ஒரு வாரத்துக்கு யாரும் காசு போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மெசின் முன்னால் வரிசை தெருவரை நீண்டது. சந்திரமதி அந்த வாரம் முழுக்க ஆட்டக்காரியாக இல்லாமல் வாத்தியாரம்மாவாக இருந்தாள். மலாய்க்காரப் போலீஸ்காரர் ஒருவர், மீன் விற்கும் சீனப் பெண் ஒருத்தி, ஆயர் குரோப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொண்டாட்டம் பார்க்க வந்த குடும்பம் என்று எல்லோருக்கும் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தாள்.

ஒரு பிற்பகல் ஊர்வலம் காஜா பெராங் வழியாக வந்தது. பாண்டு வாத்தியம் கேட்டதும் கடை மொத்தமும் சாலைக்கு ஓடிற்று. ஃபூவும் ஏப்ரனோடு ஓடினார். கூட்டத்தில் நிற்கக் கால் வலிக்கிறது என்று பீபிக் மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார். வாரம் முழுக்கத் தங்களுக்கு முறை கிடைக்காத கணவனும் மனைவியும், வெறுமையாக நின்ற மெசினைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஊர்வலம் போகட்டும் என்று ஆளுக்கொரு பக்கம் போய் நின்றார்கள்.

அந்தக் குண்டு பள்ளத்தை நெருங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கை அங்கே இருந்தது. உன்னுடையது என்னுடையது என்று இப்போது யாரும் சொல்லவில்லை. மூன்று குமிழ்களில் குண்டு பட்டது. நான்காவதை அவர் தொட்டார். ஐந்தாவது வலது மூலையில், துடுப்புக்கு எட்டாத இடத்தில் இருந்தது. சந்திரமதி குண்டை நிறுத்தி வைத்தாள், மூச்சையும் நிறுத்தி வைத்தாள், தட்டினாள். குண்டு ஒரு முளையில் பட்டுத் திரும்பி, சோம்பேறித்தனமாக உருண்டுபோய் ஐந்தாவது குமிழைத் தொட்டது.

மணி விடாமல் அடித்தது. யானைக்குக் கண் எரிந்தது. ஒரு கண்தான் எரிந்தது. இன்னொன்றின் பல்பு சிங்கப்பூரிலேயே போயிருக்க வேண்டும். யானை அவர்களைப் பார்த்துக் கண்ணடிப்பதுபோல இருந்தது. சந்திரமதி கண்ணாடிமேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். மாணிக்கவாசகமும் சிரித்தார், அதுவும் சத்தம் போட்டு. பீபிக்தான் வெறுங்காலோடு சாலைக்கு ஓடி, யானை கண் திறந்துவிட்டது என்று மலாயில் கத்தினார். ஊர்வலத்தில் நிஜ யானை வருகிறது என்று நினைத்துப் பாதிக் கூட்டம் எதிர்ப்பக்கம் திரும்பி நின்றது. ஃபூ மட்டும் விஷயத்தைப் புரிந்துகொண்டு ஓடிவந்தார். அதற்குள் மாணிக்கவாசகம் மெசினைத் தழுவிக்கொள்ளப்போக, உலுக்கல் தாங்காமல் அது மெராஜுக் ஆகி எல்லா விளக்கையும் அணைத்துக்கொண்டுவிட்டது. கண்ணை நேரில் கண்டவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் நம்பினார்களா என்பது வேறு விஷயம். பீபிக் சத்தியம் செய்து சொன்னதால் எதிரே யாரும் மறுக்கவில்லை.

அந்த மெசின் அதன் பிறகும் சில வருஷம் ஓடியது. பஸ் சாமான்களால் அதற்கு உயிர் கொடுக்க முடிந்த அளவு மாணிக்கவாசகம் கொடுத்தார். ஒற்றைக் கையால் முடியாததற்கு அப்பாசாமியைக் கூட்டிக்கொண்டு வருவார். ஃபூவின் மருமகன் கடையை எடுத்ததும் அதை மூவார் டவுனுக்கு விற்றுவிட்டு, பாட்டுப் பெட்டி வாங்கிப் போட்டான். சந்திரமதி அழவெல்லாம் இல்லை. பாட்டுப் பெட்டி முன்னால் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தாள். காசைப் போட்டுவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதானா, நம் கைக்கு ஒரு வேலையும் இல்லையா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

மாணிக்கவாசகத்துக்கு லீவு கிடைத்த ஒரு வருஷம், அவருடைய சித்தப்பா மகன் பொன்னுதுரை வீட்டைப் பார்க்கச் சிங்கப்பூர் போனார்கள். பஸ் ஏறும்போதே எங்கெங்கே போகலாம் என்று பேசி வைத்திருந்தார்கள், கோயில், கடற்கரை, கடைத்தெரு என்று. பொன்னுதுரையின் மனைவி தெய்வானை பட்டுச்சேலை உடுத்தி, கோயிலுக்குப் புறப்பட்டு நின்றாள். போகிற வழியில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் வாசல் வந்தது. உள்ளே, ஒரு கொட்டகை முழுக்க மணிச்சத்தம். கோலி மெசின்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒன்றில் குதிரைப் பந்தயம், ஒன்றில் கப்பல், ஒன்றில் ராக்கெட்.

சந்திரமதி வாசலிலேயே நின்றுவிட்டாள். மாணிக்கவாசகம் போய்ச் சில்லறை மாற்றி வந்தார். இதெல்லாம் சின்னப் பையன்கள் ஆடுவது அக்கா, சாமிக்கு நேரமாகிறது என்று தெய்வானை பதறினாள். சந்திரமதி அவளுடைய அர்ச்சனைக் கூடையை வாங்கித் தன் கணவரிடம் கொடுத்தாள். பிறகு தெய்வானையின் கையைப் பிடித்து, கப்பல் மெசினின் பிடியில் வைத்தாள்.

"மெதுவா இழும்மா," என்றாள். "ஆத்திரப்படாத."

கோயிலுக்கு அவர்கள் மறுநாள் போனார்கள். புறப்படுவதற்கு முன்னால், பூங்கா எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரித்தவள் தெய்வானைதான்.